டோலோ 650 ஒரு நாளைக்கு எட்டு வரை போடலாமா?

வெண்ணாறு | 11.11.2024, காலை 8.20

வீட்டில் ஒரே நேரத்தில் மூன்று பேருக்குக் காய்ச்சல். பாரசிட்டமால் ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை வரை ஆபத்தில்லை என்று படித்தேன். அட்டையில் "மருத்துவர் சொன்னபடி" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அப்பா 70 கிலோ, அம்மா 43, பையன் 12. கையில் இருப்பது டோலோ 650 (பாரசிட்டமால் 650 மி.கி.), பையனுக்கு ஒரு சிரப்பு, அதற்கு முந்தைய சொட்டு மருந்து பாட்டில் ஒன்று. எட்டு சரியா?

கடைத்தெரு | 11.11.2024, காலை 8.55

எட்டு என்பது 500 மி.கி. மாத்திரைக்குச் சொன்ன கணக்கு. 500 × 8 = 4000 மி.கி., அதாவது 4 கிராம். அதே எட்டை 650-இல் போட்டால் 5200. மாத்திரையை எண்ணாதீங்க, மில்லிகிராமை எண்ணுங்க.

அப்பாவுக்கு ஒரு வேளைக்கு ஒன்றே ஒன்று. ரெண்டு சேர்த்துப் போட்டால் 1300 ஆகிறது. பெரியவர்களுக்கே ஒரு தடவைக்கு உச்சம் 1000. "உடம்பு முறிச்சுப் போட்ட மாதிரி இருக்கு, ரெண்டா போட்டுக்கோ" என்பது 500 காலத்துப் பழக்கம். 650-க்குச் செல்லாது. இடைவெளி குறைந்தது 4 மணி நேரம், 6 ஆனால் இன்னும் நல்லது. ஆறு மாத்திரை 3900, அது விளிம்பு. யாரையும் கேட்காமல் வீட்டில் போடுகிறவர் நாலோடு (2600) நிறுத்திக்கொள்ளட்டும் என்பேன். நாலு போட்டும் ஆள் எழுந்து உட்காரவில்லை என்றால் தேவை ஐந்தாவது மாத்திரை இல்லை, டாக்டர்.

நைட் டூட்டி | 11.11.2024, காலை 9.30

மேலே சொன்ன 4 கிராம் எல்லோருக்கும் இல்லை. 50 கிலோவுக்கு மேல் எடை, ஒழுங்கான சாப்பாடு, நல்ல கல்லீரல், குடிப்பழக்கம் கிடையாது: இத்தனையும் உள்ளவருக்குத்தான் அது.

அம்மாவின் 43 கிலோவுக்கு எடைக் கணக்கு போடணும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி., அதாவது 645. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60, அதாவது 2580. டோலோ 650 நாலு போட்டாலே 2600. காகிதத்தில் 20 மி.கி.தான் கூடுதல். ஆனால் மூன்று நாளாகக் கஞ்சித்தண்ணி மட்டும் இறங்குகிற உடம்பு அந்த உச்சத்தைத் தொடவே கூடாது. ஒரு அட்டை 500 வாங்குங்க. 6 மணி நேரத்துக்கு ஒன்று, நாளைக்கு நாலு, மொத்தம் 2000. அல்லது 650-ஐயே மூன்று வேளை, 1950.

சாப்பாட்டைச் சும்மா சொல்லவில்லை. பாரசிட்டமாலின் பெரும்பகுதி கல்லீரலில் அமைதியாகக் கழிந்துவிடும். ஒரு சிறு பங்கு மட்டும் நச்சுப்பொருளாக மாறும், அதைக் குளூட்டத்தயோன் பிடித்துச் செயலிழக்க வைக்கும். பட்டினி, மெலிவு, நாள்பட்ட குடி மூன்றிலும் குளூட்டத்தயோன் கையிருப்பு குறைவு. அளவு கூடினால் பிடிக்க ஆளில்லாமல் அந்த நச்சு கல்லீரல் செல்லைத் தாக்கும். அதனால்தான் ஒருவருக்கு ஒன்றும் செய்யாத அளவு இன்னொருவருக்கு மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடுகிறது.

பிள்ளை வார்டு | 11.11.2024, காலை 11.05

பையனைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை, அங்கேதான் பிழை அதிகம் நடக்கும். 12 கிலோ × 15 = 180 மி.கி. ஒரு வேளைக்கு. ஆனால் "ஒரு மூடி குடு" என்று சொல்ல முடியாது, ஏனென்றால் பாட்டிலுக்குப் பாட்டில் செறிவு வேறு.

5 மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப்பு என்றால் 7.5 மில்லி. 5 மில்லியில் 250 உள்ள சிரப்பு என்றால் 3.6 மில்லி. சொட்டு மருந்து என்றால் பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மி.கி., ஆகவே 1.8 மில்லி போதும். சிரப்பு தீர்ந்துவிட்டது, சொட்டு மருந்து இருக்கு, "அதே 7.5 மில்லி" என்று டிராப்பரில் எடுத்துக் கொடுத்தால் 750 மி.கி. உள்ளே போகும். நான்கு மடங்குக்கு மேல். சின்ன பாட்டிலைப் பார்த்தால் மருந்தும் லேசாக இருக்கும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். நிஜம் நேர் எதிர்.

வேளைக்கு வேளை 6 மணி நேரம், நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். அளக்க வீட்டு ஸ்பூன் கூடாது; ஊசி இல்லாத சிரிஞ்சு மெடிக்கலில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். எடை எப்போது பார்த்தது என்பதையும் யோசியுங்க. தடுப்பூசி அட்டையில் இருக்கும் எடை ஆறு மாதப் பழசாக இருக்கும். பாட்டிலைத் திறந்த தேதியும் தெரியவில்லை என்றால் அந்தப் பழைய சொட்டு மருந்தைக் கொட்டிவிடுங்க.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், நேரே மருத்துவமனை.

வெண்ணாறு | 11.11.2024, மதியம் 1.40

பாட்டில் பார்த்தேன். சிரப்பு 250, சொட்டு 100. பக்கத்து வீட்டில் "மெஃப்டால்-பி கொடு, டக்குன்னு இறங்கும்" என்கிறார்கள். பி என்றால் பாரசிட்டமால்தானே?

பிள்ளை வார்டு | 11.11.2024, மதியம் 2.10

இல்லை. மெஃப்டால்-பியில் பாரசிட்டமால் துளியும் கிடையாது, மெஃபனாமிக் அமிலம் மட்டும். 5 மில்லியில் 100 மி.கி. ஜெரோடால்-பியில் உள்ள பி பாரசிட்டமால்தான். பெயரின் வாலை நம்பாதீங்க, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிங்க.

இது நவம்பர். மழைக்காலக் காய்ச்சல் எதுவானாலும் டெங்கு இல்லை என்று தெரிகிற வரைக்கும் பாரசிட்டமால் ஒன்றுதான். மெஃபனாமிக், ஐப்யூப்ரோஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். இரத்தத் தட்டணு (பிளேட்லெட்) இறங்கும் நோயில் இவை இரத்தக்கசிவுக்கு வழிவிடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு எந்த வைரஸ் காய்ச்சலிலும் கூடாது. ரெய்ஸ் நோய் என்று மூளையையும் கல்லீரலையும் சேர்த்துத் தாக்கும் ஒன்று உண்டு.

"டக்குன்னு இறங்கணும்" என்பதே தப்பான எதிர்பார்ப்பு. பாரசிட்டமால் வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும், இறக்குவது ஒன்றிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். 103 இருந்தது 101.5 ஆனால் மருந்து வேலை செய்துவிட்டது என்று பொருள். அதைப் புரிந்துகொள்ளாமல் ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த டோஸ் ஊற்றுவதுதான் வார்டுக்கு வரும் கதை.

நைட் டூட்டி | 11.11.2024, இரவு 9.15

டெங்குவில் இன்னொன்று. அந்த நோயிலேயே கல்லீரல் நொதி ஏறும். அதன்மேல் பாரசிட்டமாலையும் ஏற்றினால் எது நோய், எது மருந்து என்று பிரிக்க முடியாது. பெரியவர்களுக்கு அப்போது 3 கிராமுக்குக் கீழேயே நில்லுங்கள், 6 மணி இடைவெளி கட்டாயம். காய்ச்சல் விட்ட நாளில் "மாத்திரை கேட்டுச்சு" என்று நிம்மதியாகப் படுக்கவும் முடியாது. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவே, சூடு இறங்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான கட்டம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், அரைமயக்கம், சிறுநீர் குறைவு: ஒன்று தெரிந்தாலும் கிளம்புங்க.

கடைத்தெரு | 12.11.2024, காலை 7.50

நேற்றுச் சொல்ல விட்டது: 24 மணி நேரம் என்பது காலண்டர் நாள் இல்லை. இரவு 12 மணிக்குக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது. மாலை 6, இரவு 10, பின்னிரவு 2, காலை 6 என்று நாலு போட்டவர் "இன்னைக்கு இதுதான் முதல்" என்று காலை 10 மணிக்கு இன்னொன்றை எடுப்பார். அது ஐந்தாவது. மாத்திரை போட்ட நேரத்தை அட்டையின் பின்னாலேயே பேனாவால் எழுதுங்க. அதைவிட லேசான வழி இல்லை. வீட்டில் இரண்டு பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்ளும்போது இது இல்லாமல் முடியாது, "நான் கொடுக்கலை, நீ கொடுத்தியா?"

சோழமண்டல நாக்கு | 12.11.2024, காலை 10.00

டோலோ சூடு. போட்டால் மோர் குடிக்கணும், இல்லைன்னா வாய்ப்புண் வரும்.

கடைத்தெரு | 12.11.2024, காலை 10.12

மோர் குடிங்க, நல்லதுதான். தண்ணீரும் உப்பும் சேரும். அதுக்கு டோலோ மேல பழி போட வேண்டாம்.

கடைத்தெரு | 16.11.2024, இரவு 10.30

"செட்" பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

தெரியாதவர்களுக்கு: மெடிக்கலில் போய் "உடம்பு வலி, ஜலதோஷம், ஒரு செட் குடுங்க" என்றால் அட்டையில் இருந்து வெட்டிய மூன்று நான்கு மாத்திரை சின்னக் கவரில் வரும். காலை ஒரு கவர், ராத்திரி ஒரு கவர். உள்ளே வழக்கமாக இருப்பது: டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக்குடன் பாரசிட்டமால் சேர்ந்த வலி மாத்திரை, ஒரு சளி மாத்திரை, கேஸுக்கு ஒன்று, சில இடங்களில் பொடிசாக ஒரு ஸ்டீராய்டு. மறுநாள் காலையில் ஆள் துள்ளி எழுவதற்குக் காரணம் அந்தப் பொடிசு. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் ஒன்றாகப் போனால் இரைப்பைப் புண்ணுக்கான வாய்ப்பு தனித்தனியாகப் போவதைவிடப் பல மடங்கு. சர்க்கரை உள்ளவருக்குச் சர்க்கரை எகிறும்.

வெட்டிய துண்டில் பெயரும் இருக்காது, காலாவதி தேதியும் இருக்காது. பெயர் இல்லாமல் மில்லிகிராம் கணக்கு எப்படிப் போடுவது? கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "பேர் இருக்கிற பக்கமா வெட்டிக் குடுங்க." தர மறுத்தால் வாங்காதீங்க.

கணக்கு எங்கே தவறுகிறது என்று ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்போம். முதுகுவலிக்கு ஜெரோடால்-பி காலை மாலை: பாரசிட்டமால் 325 + 325 = 650. மூக்கடைப்புக்குச் சளி மாத்திரை மூன்று வேளை, ஒவ்வொன்றிலும் 500: அது 1500. காய்ச்சலுக்கு டோலோ 650 மூன்று வேளை: 1950. கூட்டினால் 4100. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றம் சொல்ல முடியாது. மூன்றிலும் ஒரே மருந்து என்பது யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

பாரசிட்டமால் ஒளிந்திருக்கும் மற்ற இடங்கள்: காம்பிஃப்ளாம் (325, கூட ஐப்யூப்ரோஃபன் 400), சாரிடான் (250, கூட புரோபிஃபெனசோன் 150, காஃபீன் 50), அல்ட்ராசெட் (325, கூட டிராமடால் 37.5), வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் சில மாத்திரைகள், ஆசனவாயில் வைக்கும் குளிகை, மருத்துவமனையில் ஏற்றும் டிரிப். எல்லாம் ஒரே கணக்குப் புத்தகம்.

நைட் டூட்டி | 17.11.2024, காலை 6.40

ஊசியைச் சேர்க்க மறந்தாச்சு. கிளினிக்கில் இடுப்பில் போடும் டைக்ளோ ஊசி ஒன்று 75 மி.கி. ஒரு நாள் உச்சம் 150. காலையில் ஊசி, கையோடு கொடுத்த கவரில் 50 மி.கி. டைக்ளோ மூன்று வேளைக்கு என்றால் 225. "ஊசி வேற, மாத்திரை வேற" என்று உடம்புக்குத் தெரியாது. ஊசி போட்ட அன்று என்ன ஊசி என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்க.

பழுப்பு உறை | 17.11.2024, காலை 9.00

அந்தச் சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடலாமே. நம் ஊரில் "சீட்டில்லாமல் வாங்கலாம்" என்று தனி மருந்து வகையே சட்டத்தில் வரையறுக்கப்படவில்லை. பாரசிட்டமாலும் ஆஸ்பிரினும் ஷெட்யூல் கே-யில் வீட்டு மருந்துகளாக வருவதால் சின்னக் கிராமத்து மளிகைக் கடையிலும் விற்கலாம். டைக்ளோஃபெனாக் ஷெட்யூல் எச். அட்டையின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும், சீட்டு வேண்டும். கடையில் கேட்டதும் கையில் கிடைக்கிறது என்பதால் அது லேசான மருந்து ஆகிவிடாது.

கலவை மருந்துகளையும் அரசு அவ்வப்போது களை எடுக்கிறது. ஆகஸ்ட் 2024-இல் 156 கலவைகளுக்குத் தடை வந்தது, அதில் அசிக்ளோஃபெனாக் 50 + பாரசிட்டமால் 125 மாத்திரையும் ஒன்று. பழைய இருப்பு வீட்டு டப்பாவில் கிடக்கலாம்.

கடைத்தெரு | 17.11.2024, காலை 9.25

சரி. ஆனால் மேலே உள்ளதைப் படித்துவிட்டு ஜெரோடால்-பி தடை என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது 100 + 325, வேறு அளவு. தடை அந்தக் குறிப்பிட்ட 50 + 125-க்கு.

நிமெசுலைடு என்ற வலி மாத்திரை இன்னும் கடைகளில் தாராளமாக ஓடுகிறது. 12 வயதுக்குக் கீழ் 2011-லேயே தடை. கல்லீரல் பாதிப்பைப் பார்த்து ஃபின்லாந்தும் ஸ்பெயினும் 2002-இல் நிறுத்தின, அயர்லாந்து 2007-இல். பெரியவர்களுக்கு 100 மி.கி. நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் இல்லை என்பதுதான் ஏட்டில். என்னைக் கேட்டால் வேறு எதுவும் கடையில் இல்லாத நாளில்கூடத் தேவையில்லை.

வெண்ணாறு | 19.11.2024, மாலை 6.00

காய்ச்சல் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. அப்பாவுக்கு மூட்டுவலி மட்டும் நிற்கிறது. பிபிக்கு டெல்மா-எச், இதயத்துக்கு எகோஸ்பிரின் 75. வலிக்குக் காம்பிஃப்ளாம் நாளைக்கு எத்தனை? கூட பான் 40 போட்டால் வயிறு தாங்கும்தானே?

நைட் டூட்டி | 19.11.2024, இரவு 8.45

முதலில் பொதுக் கணக்கு. ஐப்யூப்ரோஃபன் தானாகப் போடுவதற்கு உச்சம் நாளைக்கு 1200, அதாவது 400 மூன்று வேளை, 6 முதல் 8 மணி இடைவெளி, வயிற்றில் சாப்பாட்டோடு. காம்பிஃப்ளாம் மூன்று போட்டால் அந்த 1200 அப்படியே முடிந்தது, பாரசிட்டமால் 975 கூடவே வந்தது. நாலாவதற்கு இடமில்லை.

ஆனால் உங்க அப்பாவுக்கு அந்த மூன்றும் வேண்டாம்.

டெல்மா-எச்சில் டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் இருக்கு. சிறுநீரகத்துக்குள் இரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள். ஐப்யூப்ரோஃபன், டைக்ளோ மாதிரி வலி மாத்திரை அதை அடக்கிவிடும். வெளியேறும் குழாயை டெல்மிசார்டான் தளர்த்தும். உடம்பு நீரை ஹைட்ரோகுளோரோதயசைடு வெளியே தள்ளும். மூன்றும் கூடினால் வடிகட்ட வேண்டிய அழுத்தமே சிறுநீரகத்தில் இருக்காது. ஒரு நாள் வயிற்றுப்போக்கோ வெயிலோ சேர்ந்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கிடுகிடுவென ஏறும். பிபி மருந்தின் வேலையையும் வலி மாத்திரை கெடுக்கும். "மாத்திரை ஒழுங்காப் போட்டும் பிபி இறங்கலை" என்று வருகிறவரின் பையைக் கொட்டிப் பார்த்தால் பல நேரம் இது இருக்கும்.

எகோஸ்பிரின், அதாவது ஆஸ்பிரின், விஷயம்: ஐப்யூப்ரோஃபன் முந்திக்கொண்டு தட்டணுவில் ஆஸ்பிரின் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துவிடும், இதயப் பாதுகாப்பு போய்விடும். சாதாரண ஆஸ்பிரின் என்றால் அதைப் போட்டு அரை மணி கழித்தாவது, அல்லது அதற்கு எட்டு மணி முன்னதாகவோ ஐப்யூப்ரோஃபன் போடலாம் என்று நேரக்கணக்கு உண்டு. எகோஸ்பிரின் குடலில் போய்க் கரையும் உறை போட்டது, அந்த நேரக்கணக்கு அதற்குச் செல்லாது. டைக்ளோஃபெனாக்கும் இதயநோய் உள்ளவருக்கு வேண்டாத மருந்து. வாய்வழி டைக்ளோவைப் பிரிட்டனில் 2015 முதல் சீட்டில்லாமல் விற்பதில்லை.

பான் 40 இரைப்பையைக் காக்கும், அதுவும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அது ஒன்றும் செய்யாது. கீழ்க்குடலில் கசிவதையும் தடுக்காது. கேஸ் மாத்திரை போட்டாச்சு என்ற தைரியத்தில் வலி மாத்திரையை இரட்டிப்பது சகஜமாகிவிட்டது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் கறுக்கும்தான், ஆனால் அந்தச் சமாதானத்தை மருத்துவர் சொல்லட்டும்.

அப்பாவுக்குப் பாரசிட்டமால் 500, தேவைப்படும் நேரத்தில் ஒன்று, நாளைக்கு நாலுக்குள். மூட்டுக்குக் களிம்பு.

ஈரோடு மஞ்சள் | 20.11.2024, காலை 7.10

வெயில் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். செங்கல் சூளை, உப்பளம், கரும்பு வெட்டு, கட்டட வேலை: பகல் முழுக்க வியர்வை, தண்ணீர் குறைவு, மாலையில் டைக்ளோ ஒன்று, சிலருக்கு மேலே சரக்கு. மேலே எழுதிய சிறுநீரகக் கணக்கில் பிபி மாத்திரை இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும். வேலை முடிந்ததும் நீரும் உப்பும் உள்ளே போய், சிறுநீர் வெளுத்த பிறகே மாத்திரை. குடித்த அன்று டைக்ளோ வகை வயிற்றில் இரத்தம் கசிய விடும், பாரசிட்டமாலை அளவோடு போடலாம். தினம் குடிக்கிறவருக்கு 2 கிராம்தான் எல்லை என்று வைத்துக்கொள்வது மருத்துவர்களிடம் உள்ள வழக்கம்.

பழுப்பு உறை | 20.11.2024, காலை 7.45

சிறுநீரகமும் டைக்ளோவும் என்றால் பிணந்தின்னிக் கழுகைச் சொல்லாமல் விட முடியாது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோ, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை முடித்தது. 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அப்புறமும் மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-இல் மனிதருக்கான ஊசியும் 3 மில்லி ஒற்றை டோஸாகச் சுருங்கியது. மேலே சொன்ன 75 மி.கி. ஊசி 3 மில்லிக் குப்பியில் வருகிற கதை இதுதான். தெற்கில் கழுகுக் கூடு மிஞ்சியிருக்கும் சில இடங்களில் ஒன்று நீலகிரிப் பக்கத்து மோயார்ப் பள்ளத்தாக்கு.

பிள்ளை வார்டு | 20.11.2024, காலை 8.00

இழை கழுகில் போய் நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

கர்ப்பிணிகளுக்கு இரண்டு வரி: 20 வாரத்துக்குப் பிறகு ஐப்யூப்ரோஃபன், டைக்ளோ, மெஃபனாமிக் வகை வேண்டாம், சிசுவின் சிறுநீரகம் பாதித்துப் பனிக்குட நீர் குறையும், கடைசி மூன்று மாதத்தில் இதயக் குழாய் ஒன்று முன்கூட்டியே மூடலாம். பாரசிட்டமால், குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு.

யாழ்தேவி | 3.12.2024, இரவு 9.50

இங்க இலங்கையில எல்லாத்துக்கும் பனடோல். 500 மில்லிகிராம், ரெண்டு ரெண்டாத்தான் எல்லாரும் போடுறவை. தலையிடிக்குக் கிழமையில நாலைஞ்சு நாள் போடுற ஆக்களுக்கு என்ன நடக்கும்? அளவு ஒருநாளும் கூடேல்லை.

நைட் டூட்டி | 4.12.2024, காலை 7.00

500-இல் இரண்டு என்பது 1000, ஒரு வேளை உச்சத்துக்குள்தான். ஒரு நாள் அளவு சரி. தவறுவது மாதக் கணக்கு.

சாதா வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலையிடியைக் கொண்டுவரும். கலவை மாத்திரை, டிராமடால், ட்ரிப்டான் (ஒற்றைத் தலைவலி மருந்து) வகைகளுக்கு 10 நாளே போதும். கிழமைக்கு நாலைந்து என்றால் மாதத்துக்கு 16 முதல் 22, கோட்டைத் தாண்டியாச்சு. அடையாளம்: விடியும்போதே இடி, மாத்திரை போட்டால் சில மணி நேரம் விடும், திரும்ப வரும். நிறுத்தினால் முதல் சில நாள் கூடத்தான் இடிக்கும், பிறகு குறையும். டிராமடால் உள்ளதைத் தானாகத் திடீரென நிறுத்த வேண்டாம், அதற்கு மருத்துவர் வேண்டும். ஒற்றைத் தலைவலியா என்று பார்த்து வராமல் தடுக்கும் மருந்து தொடங்குவதே வழி. நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாளைச் சுழியுங்க. மாதத்துக்கு எட்டுச் சுழிக்கு மேல் போனால் அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்க.

கடைத்தெரு | 4.12.2024, காலை 7.30

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போடுகிறவர்கள் கவனத்துக்கு: பாரசிட்டமால் நாளைக்கு 2 கிராம் வீதம் சில நாள் தொடர்ந்தாலே ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) ஏறலாம். வழக்கமான தேதிக்குக் காத்திருக்காமல் முன்னதாகப் பாருங்க. வின்டர்கிரீன் எண்ணெய் வாசனை வரும் தைலத்தைத் தாராளமாகத் தேய்த்தாலும் அதே விளைவு. அதில் உள்ள மெத்தில் சாலிசிலேட் தோல்வழியாக உள்ளே போகும். காசநோய் மாத்திரை, வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் போடுகிறவர்கள் பாரசிட்டமாலின் உச்சத்துக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம்.

தூரதேசம் | 2.2.2025, காலை 5.15

நேற்று முதல் ஆஸ்திரேலியாவில் சூப்பர்மார்க்கெட்டில் பாரசிட்டமால் டப்பாவுக்கு 16 மாத்திரைதான். மருந்துக்கடையில் 50. பிரிட்டனில் 1998-லேயே இப்படி வந்துவிட்டது. தலைவலிக்கு மாத்திரை வாங்கக் கையெழுத்து கேட்பார்கள் போலிருக்கு. இவ்வளவு பயம் எதற்கு?

நைட் டூட்டி | 2.2.2025, இரவு 10.20

பயத்துக்குக் காரணம் இந்த மருந்தின் கபடம். அளவு மீறியவர் முதல் 24 மணி நேரம் நன்றாகவே இருப்பார். கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் சோர்வு. சிலருக்கு அதுவும் இல்லை. இரண்டாம் நாள் வலது மேல்வயிறு வலிக்கும், மூன்றாம் நான்காம் நாள் மஞ்சள் தெரியும். அப்போது வந்தால் தாமதம். மாற்று மருந்து என்-அசிட்டைல்சிஸ்டீன் எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றும். பிந்திக் கொடுத்தாலும் பலன் உண்டு, ஆனால் ஒவ்வொரு மணிக்கும் குறையும்.

அதனால் அளவு மீறிவிட்டது என்று தெரிந்தால், தெரியாமல் போட்டதோ மனம் நொந்து போட்டதோ, "ஒன்றும் செய்யலையே" என்று காத்திருக்காமல் 108. வாந்தி வரவைக்க வேண்டாம். காலி அட்டைகள் எல்லாவற்றையும், சளி மாத்திரை அட்டை உட்பட, கையோடு கொண்டுபோங்க. எத்தனை மணிக்குப் போட்டது என்பதும் வேண்டும். ஒரே தடவையில் போட்டிருந்தால் நான்கு மணி நேரம் கழித்து எடுத்த இரத்த அளவை வைத்து முடிவெடுப்பார்கள். இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியிருந்தால் அந்த அளவு பொய் சொல்லும். அதை மருத்துவரிடம் வாயால் சொன்னால்தான் தெரியும். மனம் நொந்து போட்டவரைக் கடிந்துகொள்ள அது நேரமில்லை. சிகிச்சை முடிந்ததும் பேச ஆள் வேண்டும், தமிழ்நாட்டில் 104-இல் கிடைப்பார்கள்.

வெண்ணாறு | 9.2.2025, மதியம் 12.30

அப்பாவின் களிம்பு: எவ்வளவு, எத்தனை தடவை? "லேசாகத் தடவவும்" என்றுதான் போட்டிருக்கு.

கடைத்தெரு | 9.2.2025, மதியம் 3.00

1 சதவீத டைக்ளோ ஜெல் என்றால் முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு நாலு தடவை. கை மூட்டுக்கு 2 கிராம். உடம்பு முழுக்கச் சேர்த்து நாளைக்கு 32 கிராமுக்கு மேல் கூடாது. 30 கிராம் டியூப் வாங்கிப் பார்த்தால் புரியும்: இரண்டு முழங்காலுக்கும் முறைப்படி போட்டால் ஒரு டியூப் ஒரு நாளைக்கே காணாது. அப்பா வயதுக்கும் அவர் மருந்துகளுக்கும் வலி கூடுதலாக இருக்கும் ஒரு காலுக்கு மட்டும், இரண்டு மூன்று தடவை, டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. தோல்வழியாக உள்ளே போவது மாத்திரையில் போவதில் சிறு பங்குதான், ஆனால் பூஜ்யம் இல்லை. இது போடும் நாளில் டைக்ளோ மாத்திரையோ ஊசியோ சேராது.

தேய்த்த இடத்தில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், கட்டும் வேண்டாம். கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடச் சொல்லுங்க. வோலினி மாதிரி மெந்தால் சேர்ந்தது என்றால் இதை மறந்தவர் ஒரு தடவைக்கு மேல் மறக்க மாட்டார்.